பிரேக்குக்கு வைத்த பொட்டு

இது எனக்கு நடந்ததில்லை. என் அறைத்தோழி கோகிலவாணி சொல்லிக் கேட்டது. அவளும் ஒரே இருப்பில் சொல்லவில்லை. விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கொஞ்சம், சரவணம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் என்று ஒரு வாரமாகச் சொன்னாள். அவள் இயந்திரவியல் படித்தவள், பம்ப் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பொறியாளர். நான் பி.காம். வெல்டிங் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தெருவில் அதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அதனால் புரியாத இடங்களை இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டேன். அவள் கல்லூரியில் அவளுக்கு மூத்தவரான திலீபன், காளப்பட்டிப் பக்கம் ஒரு ஷெட்டில் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கார் செய்துகொண்டிருந்தார். பழைய சின்னக் கார் ஒன்றின் இன்ஜினை எடுத்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. பொழுதுபோக்குக்காகத்தான். அதன் அலுமினிய வேலை முழுவதும் வாணியுடையது. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, நல்ல நேரத்தில், அந்தக் கார் முதல் தடவையாக வெளியே போவதாக இருந்தது. பூசையில் வைத்த பொட்டுகளைத் துடைக்க அவள் முன்னதாகவே தனியாகப் போயிருந்தாள். அவள் ‘நான்’ என்று சொன்னதை நானும் ‘நான்’ என்றே எழுதுகிறேன். சொன்ன வரிசை எங்காவது பிசகியிருந்தால் அது என் பிசகு.

சந்தனம் காய்ந்தால் முட்டை ஓடு மாதிரி ஆகிவிடுகிறது. நகத்தால் சுரண்டக் கூடாது, கீறல் விழும். பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை, நனைத்துப் பிழிந்து பொட்டின் மேல் வைத்து இருபது எண்ண வேண்டும், பிறகு ஒரே இழுப்பு, ஒரே திசையில். நாலு சக்கரமும் ஆயிற்று. ஸ்டியரிங் ஆயிற்று. இன்ஜின் மேல் வைத்ததை விட்டுவிடச் சொன்னார் திலீபன் அண்ணா, சூட்டில் தானாக உதிர்ந்துவிடுமாம். எங்கள் வீட்டில் பூசைக்கு வைக்க அரிவாள்மனை, என் புத்தகங்கள், அப்பாவின் கொக்கி, அவ்வளவுதான். லாரிப்பேட்டையில் மூட்டையைக் குத்தித் தூக்குகிற கொக்கி. மறுநாள் காலை அப்பா அதைத் துடைக்காமலே எடுத்துக்கொண்டு போவார், முதல் மூட்டையிலேயே பொட்டு போய்விடும். இங்கே ஒரு காருக்கே ஏழு பொட்டு. வெளியே யாரோ பால் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் சத்தமாகப் பேசுகிறார்கள். பக்கத்துப் பவுடர் கோட்டிங் கடை இன்னும் திறக்கவில்லை, அதன் ஷட்டரில் கட்டிய வாழைக்கன்று இரவோடு இரவாகத் தலை சாய்ந்துவிட்டது. வரும்போது ரோட்டில் உடைத்த பூசணி, குங்குமம் கலந்து, நசுங்கி, வழுவழுவென்று. ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் காலை ஊன்றி ஊன்றிப் போனார். நேற்று ருக்மணி அம்மா, அண்ணாவின் அம்மா, தட்டோடு காரைச் சுற்றி வந்தது நினைவுக்கு வருகிறது. ‘ஏங்கண்ணு, இதுல பிரேக்கு எது? மொதல்ல அதுக்கு வெக்கோணும். ஓடறதுக்கு வெச்சு என்ன, நிக்கறதுக்கில்ல வெக்கோணும்.’ முன்மூடி இன்னும் மாட்டவில்லை, அதனால் மேலிருந்து பார்த்தாலே பெடல்களும் அவற்றைத் தாங்குகிற அலுமினியப் பிராக்கெட்டும் தெரியும். காட்டினேன். குனிந்து பார்த்தார். ‘இதா? கண்ணாடியாட்ட இருக்குது, என்ற மூஞ்சியே தெரியுது பாரு.’ நான் பண்ணுனதுங்கம்மா, என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தை அள்ளி அதன் மேல் அழுத்தி, நடுவில் குங்குமம் ஈரமாகிற அளவுக்கு வைத்தார். அதுதான் கடைசிப் பொட்டு. பனியன் வேஸ்ட். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இழுத்தேன். சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, அடியில் அந்தக் கண்ணாடி வந்தது, கண்ணாடிக்குள் என் நெற்றி, நெற்றிக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு மயிரிழை.

இழைதான். துணியில் நூல் பிரிந்திருக்கும், பனியன் வேஸ்ட்டில் எல்லா நிறமும் வரும். ஊதினேன். போகவில்லை. துணியின் சுத்தமான பக்கத்தால் துடைத்தேன். போகவில்லை. சரி, பாலிஷ் போடும்போது மணல் துகள் மாட்டிக் கீறியிருக்கும், கீறலில் குங்குமம் தங்கியிருக்கிறது, கீறல் என்றால் நேராக இருக்கும். இது நேராக இல்லை. வெல்டிங் ஒட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வளைந்து போகிறது, ஆற்றங்கரையில் நடக்கிற ஆள் மாதிரி, விரல் நகத்தின் நீளம், பிறகு தேய்ந்து மறைகிறது. ஆரம்பிக்கிற இடம் எது? அதைப் பார்க்க வேண்டாம். முதலில் பெயின்ட் தின்னர் வைத்துத் துடைக்கலாம், தின்னருக்குப் போகாத கறை கிடையாது. தின்னர் குப்பியின் மூடி இறுகிக் கிடக்கிறது, பல்லால் கடித்தேன், அம்மா பார்த்தால் திட்டுவாள், மில்லில் இருந்து வந்ததும் முதல் வேலையாக என் பல்லைப் பற்றித்தான் பேசுவாள். துடைத்தேன். இழை மங்கியது, பிறகு தின்னர் உலர உலர மறுபடி வந்தது, முன்னைவிடத் தெளிவாக. ஆரம்பிக்கிற இடம் எனக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். ஒட்டு முடிகிற இடம். ஆர்கான் வெல்டிங்கில் ஆரம்பிக்க யாராலும் முடியும், முடிப்பதுதான் வேலை. காலுக்கடியில் இருக்கிற வெல்டிங் மெஷின் பெடலை மெல்ல மெல்ல விட வேண்டும், வெளிச்சம் சிறுத்துக்கொண்டே வர வேண்டும், கடைசிச் சொட்டுக் கம்பியை உருகி நிற்கிற குழிக்குள் ஊட்டிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் குழி அப்படியே குளிர்ந்து, சுருங்கி, நடுவில் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். இதைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், படம் போட்டு. அன்றைக்கு அரை அங்குலம் பாக்கி இருக்கும்போது மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. இரும்பு மேசை, ஷெட்டே அதிர்ந்த மாதிரி இருந்தது, கால் தானாகத் தூக்கிக்கொண்டது. அப்பா. ‘சாப்டியா கண்ணு?’ அப்பாவைச் சொல்லக் கூடாது. போனை மேசையில் வைத்தவள் நான். பேசிவிட்டு வந்து முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன், குழி இருந்தது, குழிக்குள் பேனா முனை தொட்ட மாதிரி ஏதோ இருந்தது, தூசி என்று சொல்லிக்கொண்டேன். தூசி என்றால் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. அதுதான். துடைத்தால் தூசி இல்லை என்று தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. நூற்றிருபது உப்புத்தாளை எடுத்தேன், பிறகு இருநூற்று நாற்பது, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, பிறகு பஃபிங், பிறகு விரலில் துணியைச் சுற்றி மெட்டல் பாலிஷ். குழி போனது, ஒட்டின் மேடு போனது, ஒட்டே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அண்ணா அதைப் படம் எடுத்து நெட்டில் போட்டார். யார் யாரோ கைதட்டினார்கள். அப்பாவுக்கும் அனுப்பினேன், பேட்டையில் எல்லோருக்கும் காட்டினாராம், ‘வெள்ளிச் சாமானாட்ட இருக்குது, எம்புள்ள நெருப்புல பண்ணுனது’ என்று.

எனக்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. முதல் பட்டதாரி. தாசில்தார் கையெழுத்தும் முத்திரையும் போட்டது. அதை வாங்க, குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் படிக்கவில்லை என்று அப்பா கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘இதுக்கெல்லாம் சான்றிதழ் குடுக்கறாங்களே’ என்று சிரித்தார். இந்த மாதிரித் தப்பை எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் செய்ததில்லை என்பதற்கும் அதுவே சான்று. மூட்டை கிழிந்தால் தெரியும். தறியில் இழை அறுந்தால் மணி அடிக்கும். நான் செய்தது பளபளக்கிறது. தலையில் கட்டுகிற விளக்கைப் போட்டுக்கொண்டு குனிகிறேன். நட்சத்திரம் இல்லை, அதைத்தான் தேய்த்துவிட்டேனே. அதன் ஒரு கால் மட்டும் வளர்ந்து கிளம்பியிருக்கிறது. எவ்வளவு ஆழம்? தெரியாது. மேலோடு இருக்கலாம். அரை மில்லி இருக்கலாம். பிராக்கெட் ஆறு மில்லி, அரை மில்லி போனால் ஐந்தரை, ஐந்தரைக்குக் கணக்குப் போட்டால் தாராளமாகத் தாங்கும். கணக்குப் போடலாம். போன் வேண்டாம், மனக்கணக்கு. எழுபது கிலோ ஆள் திடீரென்று மிதித்தால் எவ்வளவு, பெடல் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கும், ஐந்து எழுபது முந்நூற்றைம்பது, எங்கே விட்டேன். இங்கிருந்து பிள்ளையார் கோயில் வரை இறக்கம். கோயிலுக்கு முன்னால் நாலு ரோடு. காலேஜ் பஸ்கள் அந்த நேரத்தில்தான் திரும்பும். இன்றைக்கு லீவு, பஸ் வராது. பஸ் வராவிட்டால் டிப்பர் லாரி வரும். ருக்மணி அம்மா பக்கத்து ஸீட்டில், மடியில் பூசைத் தட்டு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருப்பார், எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார், அவருக்கு முன்னால் கண்ணாடி கூட இல்லை, இது திறந்த வண்டி. அண்ணா மிதிப்பார். பெடல் முதலில் கெட்டியாக இருக்கும். பிறகு கெட்டியாக இருக்காது. அந்த ஒரு நொடியில் அண்ணா கீழே பார்ப்பாரா? ரோட்டைப் பார்ப்பாரா? பூசணி. டயர் பூசணி மேல் ஏறும். போதும்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். ஒன்றும் ஆகாது. அண்ணா கத்துகிறவர் இல்லை. ‘சரி விடு’ என்பார். அந்த ‘சரி விடு’தான். அதற்குப் பிறகு நான் எதை ஒட்டினாலும், ‘வாணி, ஒரு தடவ வெளிய கொடுத்துப் பாத்துக்கலாமா’ என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பார். அவர் வீட்டில் அப்பா என்ஜினியர், பெரியப்பா என்ஜினியர், தப்பு செய்தால் அது ஒரு கதை, சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்கள். நான் செய்தால், ஆமா, எதிர்பார்த்ததுதானே. யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒருத்தரும் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன், அவர்கள் குரலில். கையில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் எப்போது எடுத்தேன்? எண்ணூறு. நனைந்திருக்கிறது. பார்க்கத்தான், ஆழமா மேலோட்டமா என்று பார்க்கத்தான், இரண்டு தேய். விரல் நுனியில் சுற்றி, ஒட்டின் போக்கிலேயே. சாம்பல் நிறத் தண்ணீர் வழிகிறது. துடைத்தேன். பாதி இல்லை. அப்படியென்றால் மேலோட்டம்தான். இன்னும் பத்து தேய். துடைத்தேன். இல்லவே இல்லை. ஒன்றுமே இல்லை, மங்கலான வெள்ளை மட்டும், பாலிஷ் போட்டால் மறுபடி கண்ணாடி. மூச்சு விட்டேன். என்ன ஒரு நிம்மதி, தோளில் இருந்து எதையோ இறக்கின மாதிரி, சிரிப்புக்கூட வந்தது. மேலோட்டமான கீறலுக்காக எவ்வளவு பேரை மனதுக்குள் லாரிக்கு அடியில் விட்டேன். பாலிஷ் டப்பா எங்கே. டப்பாவைத் தேடித் திரும்பினவள் அப்படியே நின்றேன். அலுமினியம் மிருதுவானது. தேய்த்தால் வெண்ணெய் மாதிரி இழுபட்டுப் பக்கத்துப் பள்ளத்தின் வாயை மூடிக்கொள்ளும். வாயைத்தான் மூடும். இதையும் எழுதியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண்.

பெடலை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தாமலும் இருக்கலாம். ஒரு தடவை அழுத்தி ஒன்றும் இல்லையென்றால் பிறகு ஆயுளுக்கும் யோசிக்க வேண்டாம். வண்டிக்குள் ஒரு முழங்காலை மடக்கி வைத்து, இடது உள்ளங்கையைப் பெடலில் பதித்து, உடம்புப் பாரத்தை மெல்ல ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இதே பெடலைத்தான் அண்ணா மிதித்துக்கொண்டே இருந்தார், பிரேக் குழாயில் இருந்து காற்றை வெளியேற்ற. நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, ‘மிதிங்ணா. பிடிங்ணா. விடுங்ணா.’ எத்தனை தடவை? நாலு சக்கரம். ‘இன்னும் கெட்டியா மிதிங்ணா’ என்று நான்தான் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு இம்மி வளர்ந்திருந்தால். பாரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம். வெள்ளையாக இருந்த இடம் வெள்ளையாகவே இருக்கிறது. பார், ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். விளக்கு வெளிச்சத்தில் ஒட்டின் ஓரம் ஈரமாகிறது. நான் தேய்த்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, உள்ளே போனது வெளியே வருகிறது, ரோஜா நிறத்தில், பல் துலக்கும்போது ஈறிலிருந்து வருமே அப்படி, ஒரு கோடு, நான் அழித்த கோடு, அதே வளைவு. கையை எடுத்தேன். உள்ளே போய்விட்டது. அழுத்தினேன். வந்தது. மூச்சு விடுகிறது. எனக்கு அப்போது பயம் போய்விட்டது, இதைச் சொன்னால் நம்ப மாட்டாய். தெரியாமல் இருந்தவரைக்கும்தான் பயம். கைத்துணியை வைத்துவிட்டு அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

‘அலோ, கண்ணு? அவன் குளிக்கறான். எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வெச்சுட்டேன், சூடம் வெச்சுட்டேன். பொரி மிச்சமிருக்குது, உனக்குக் கொண்டாரட்டுமா?’

ருக்மணி அம்மா. அவரிடம் சொல்வேன் என்று நினைத்திருக்கவில்லை. ‘அம்மா… இன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாங்கம்மா.’

‘ஏஞ் சாமி, நேரஞ் சரியில்லியா? காலண்டர்ல பாத்துட்டனே.’

‘நேரம் சரியாத்தான் இருக்குதுங்கம்மா. நான் ஒட்டுனதுதான் சரியில்ல. பிரேக்கத் தாங்கற எடத்துல வெடிப்பு விட்டிருக்குது.’

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: ‘நாம் பொட்டு வெச்சனே, அந்த எடமா?’

‘ஆமாங்கம்மா.’

‘அழுத்தி வெச்சுட்டனாக் கண்ணு?’

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. ‘ஐயோ, இல்லீங்கம்மா. நீங்க வெச்சதுனாலதான் தெரிஞ்சுது. வெடிப்பு என்னுது.’

‘டேய் திலீபா! ஊத்துனது போதும், வெளிய வாடா. புள்ள என்னமோ சொல்லுது.’

அண்ணா ஈரக்கையோடு போனை வாங்கியிருக்க வேண்டும், வழுக்கி எதிலோ இடித்தது. நான் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் பாதியில் விட்டுவிடுவேன் என்று தோன்றியது. போன் அதிர்ந்தது, கால் தூக்கியது, குழி, தூசி என்று சொல்லிக்கொண்டது, உப்புத்தாள். இன்று காலை தேய்த்ததையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ‘ஒரு மணி நேரமாத் தெரியும்ங்ணா. சொல்லாம நின்னுட்டிருந்தேன்.’

‘டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு வாணி’ என்றார் அண்ணா.

‘எப்பங்ணா?’

‘ஞாயித்துக்கெழம. மிதி மிதின்னியே, அப்ப.’

‘ஏங்ணா சொல்லல?’

‘நீ பண்ணுனது. கண்ணாடியாட்டப் பண்ணி வெச்சிருக்கற. அதுல போயி சத்தம் வருதுன்னு நான் எப்படிச் சொல்றது? பெடல் ரப்பர்னு நெனச்சுக்கிட்டேன். நாலு நாளாத் தூக்கமில்ல.’

‘அப்பறம் அம்மாவ ஏத்திக்கிட்டு எப்படிங்ணா அந்த எறக்கத்துல போலாம்னு இருந்தீங்க?’

‘மொத கியர்லயே போயி, ஹேண்ட் பிரேக்குல நிறுத்திக்கலாம்னு.’

பின்னால் ருக்மணி அம்மாவின் குரல் கேட்டது. ‘அட சண்டாளா! பெத்தவள உக்கார வெச்சுக்கிட்டாடா ரோசன பண்ணுன?’ அண்ணா சிரிக்க ஆரம்பித்தார். நானும் வண்டிக்குள் ஒரு முழங்காலை மடக்கியபடியே, கையில் போனோடு, தனியாகச் சிரித்தேன். வெளியே பால் வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பயந்துகொண்டிருந்த அந்த மனிதரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், அதுவும் என்னை நினைத்து. பொறியாளர் வீட்டுப் பையன், என் பளபளப்பைப் பார்த்து. அதை நினைக்க நினைக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவினேன். வாட்டர் பேப்பரைக் காயப்போட்டேன். செய்வதற்கு வேலை ஏதாவது வேண்டும் போல இருந்தது. எல்லா ஸ்பேனரையும் அளவுப்படி அடுக்கினேன், யாரும் கேட்காமலே. காலையில் இருந்து ஷெட்டில் சந்தன வாசனை இருந்திருக்கிறது, அப்போதுதான் மூக்குக்கு வந்தது.

அவர்கள் வந்தபோது நல்ல நேரம் இன்னும் இருந்தது. வண்டி இல்லை என்றால் நேரம் வீண் என்றார் ருக்மணி அம்மா. நேரம் வீணாகக் கூடாது, வண்டி நகர்ந்தால் போதும், யார் நகர்த்தினால் என்ன. கைப்பிரேக் தனிக் கம்பி, அது நன்றாக இருக்கிறது, ஷெட்டுக்கு முன்னால் தரை சமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அண்ணா ஸ்டியரிங்கில், ருக்மணி அம்மா பக்கத்து ஸீட்டில், மடியில் தட்டு. பின்னால் நானும், கடை திறக்க வந்த பவுடர் கோட்டிங் கடைக்காரர் சண்முகவடிவேலும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர், ‘ஏனுங் திலீபா, மூணு வருசம் பண்ணிப் பண்ணிக் கடசில தள்ற வண்டியா பண்ணீருக்கறீங்?’ என்றார். ‘பெட்ரோல் மிச்சமுங்ணா’ என்றார் அண்ணா. தள்ளினோம். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. ருக்மணி அம்மா தட்டை இறுக்கிக்கொண்டு, ‘மெதுவா, மெதுவாச் சாமி, காத்து அடிக்குது’ என்றார். கேட் வரைக்கும் போய்த் திரும்பினோம். கைப்பிரேக்கை இழுத்தார், நின்றது. நின்றதற்கு ருக்மணி அம்மா கைதட்டினார், தட்டிலிருந்த சூடம் அணைந்துவிட்டது.

பிறகு நாலு போல்ட்டைக் கழற்றிப் பிராக்கெட்டை எடுத்தேன். ஒரு தேங்காய் மூடியின் எடைகூட இல்லை. இடுக்கிப் பிடிக்கிற வைஸில் அதை மாட்டி அண்ணா சுத்தியலை என்னிடம் கொடுத்தார். மூன்று அடி தேவைப்படும் என்று நினைத்தேன், முதல் அடியிலேயே வந்துவிட்டது. உடைந்த முகத்தை அண்ணா விளக்கடியில் திருப்பிப் பிடித்தார். பெரும்பகுதி குங்குமம் இறங்கிச் சிவப்பாக இருந்தது, அவ்வளவு தூரம் ஏற்கெனவே வெடித்திருந்தது. ‘அடுத்தது எப்ப வாணி?’ என்றார். ‘வெளிய கொடுத்துரலாமா’ என்று கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவே இல்லை. மதியம் அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன், அந்த வெள்ளிச் சாமான் உடைந்துவிட்டது, நான் முடிக்கிற இடத்தில் சரியாக முடிக்கவில்லை என்று. ‘ஆருக்காச்சும் அடியா?’ என்றார். இல்லீங்கப்பா என்றேன். ‘அப்பப் போச்சுது போ’ என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் போல, வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று ஒட்டினேன். இந்தத் தடவை தேய்க்கவில்லை. ஒட்டு மீன் செதில் மாதிரி மேடும் பள்ளமுமாக அப்படியே இருக்கிறது, கோணலாக ஒரு இடம்கூட இருக்கிறது. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

வாணி சொன்னது இவ்வளவுதான். இனி இதை எழுதுகிற நான். இதில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்ன வாணி, ஒன்றைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் குரலை இறக்கினாள். ‘ஒரு மணி நேரம்டி. ஒரு மணி நேரம் தெரிஞ்சும் சொல்லாம நின்னேன்.’ எழுதும்போது அது என்னை உறுத்தியது. ஒரு மணி நேரத்துக்கு இதில் வேலை போதவில்லை. கார்த்திகை மாதத்தில் அந்தக் கார் நிஜமாகவே பிள்ளையார் கோயில் வரை ஓடிய அன்று நானும் போயிருந்தேன். திலீபனிடம் அவருடைய போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஷெட்டைத் திறந்ததும் தகவல் போடுவது அவர்களுக்குள் வழக்கம். ‘திறந்தாச்சுங்ணா’ என்று வாணி அனுப்பியது ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஆறு நாற்பத்தொன்றுக்கு. அவளிடமிருந்து அழைப்பு வந்தது ஆறு ஐம்பத்து நான்குக்கு. நாலு சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் துடைத்ததையும் சேர்த்து, பதின்மூன்று நிமிடம்.